ஏப்ரலில் நம் ஊர் லேப்களைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிகள் பற்றித் தங்கள் கல்வி இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. பெயர், ஊர், கட்டணம் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்கள். என் பேத்தி முதல் பியூசி (பதினொன்றாம் வகுப்பு) அறிவியல் படிக்கிறாள். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இன்னொரு உரிமையும் உண்டு. நான் பெங்களூரின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் கிளாஸ் புளோயிங் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானிகள் காகிதத்தில் வரைந்து கொண்டுவரும் கண்ணாடிக் கருவியை நெருப்பில் உருக்கி, ஊதி, ஒட்டிச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. இந்த ஊரில் எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குப் பின்னால் எங்கள் மூச்சுக்காற்று இருக்கிறது, பெயர்தான் இருக்காது. அது கிடக்கட்டும்.

கட்டுரை வந்த சூட்டோடு இந்திராநகர்ப் பக்கம் ஒரு ஓட்டலில் கன்சல்டன்சி ஒன்று ‘இலவச செமினார்’ வைத்தது. மகளும் மாப்பிள்ளையும் போனார்கள், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏசி ஹால், காபி, பிஸ்கட், திரையில் செங்கல் கட்டடங்களின் படங்கள். அமெரிக்காவில் டிகிரி சேர வேண்டுமானால் பதினொன்றாம் வகுப்பிலேயே ‘ரிசர்ச் புரொஃபைல்’ வேண்டுமாம். பேக்கேஜ் விலை கோட் போட்ட பையன் ஒருவன் மெல்லச் சொன்னான். ஜிஎஸ்டி தனி. நான் அவனிடம் கேட்டேன், “தம்பி, என் பேத்தி எந்த லேபில் இருப்பாள்?”

“லேப் எல்லாம் கிடையாது அங்கிள். ஆன்லைன் மென்டர்ஷிப்.”

“அப்போ கையால் என்ன செய்வாள்?”

“ரிசர்ச் பேப்பர் ஒன்று கட்டாயம் வந்துவிடும் அங்கிள்.”

“எதைப் பற்றி?”

“அதை மென்டர் முடிவு பண்ணுவார்.”

மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். நான் நிறுத்திக்கொண்டேன். ஆனால் உங்களிடம் சொல்லலாம் அல்லவா? என்ன ஆராய்ச்சி என்று தெரிவதற்கு முன்னாலேயே கட்டுரை வந்துவிடும் என்று உறுதி சொல்லும் இடத்தை நான் அத்தனை வருடச் சர்வீசில் பார்த்ததில்லை. எங்கள் நிறுவனத்தில் முழுநேர ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு வருடம் ஒரு கருவியோடு மல்லுக்கட்டிவிட்டு, ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதி மூடி வைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பணம் வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளை ‘ஆராய்ச்சிக் கட்டுரையாளர்’ ஆக்கித் தரும் தொழில் எப்படிப் பெருகியிருக்கிறது என்று அமெரிக்காவின் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2023இல் விரிவாக எழுதியது. சர் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது, 1906இல், 18 வயதில், ஒளி விளிம்பு விளைவு (ஒளி ஓரங்களில் வளைந்து பரவுவது) பற்றிய தன் முதல் கட்டுரையை லண்டன் பத்திரிகையில் வெளியிட்டார். கல்லூரி லேபில் இருந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற ஒளி அளவைக் கருவியில் தன் கண்ணால் பார்த்ததை எழுதினார். அவருக்கு யாரும் பேக்கேஜ் போட்டுக் கொடுக்கவில்லை.

இதற்காக எல்லா வெளிநாட்டுப் பயிற்சியும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. செமினாரிலிருந்து வந்தபின் பேத்தியும் நானும் உட்கார்ந்து உங்கள் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றின் இணையப் பக்கத்தையும் படித்தோம். அவள் படிப்பாள், நான் கேள்வி கேட்பேன். நல்லவை மிக நல்லவையாக இருக்கின்றன. 1984இல் தொடங்கி, இப்போது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆர்எஸ்ஐ பயிற்சியில் நூறு பேர் அளவில்தான் எடுக்கிறார்கள். ஆறு வாரம். உண்மையான ஆராய்ச்சியாளர் ஒருவரின் கீழே உண்மையான வேலை, கடைசியில் கட்டுரையும் உரையும். போட்டியில் தேர்வானவர்களுக்குப் பயிற்சிக் கட்டணம் கிடையாது. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் கிளார்க் ஸ்காலர்ஸ் திட்டத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டே பேர், அங்கேயும் கட்டணம் இல்லை, மேலே கைச்செலவுக்கும் கொடுக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் சைமன்ஸ் திட்டமும் அருமையானது. ஆனால் அமெரிக்கக் குடிமக்களும் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களும்தான் விண்ணப்பிக்கலாம். உங்கள் கட்டத்தில் அது வேறுபாடின்றி மற்றவற்றோடு சேர்ந்து இருந்தது. நம் பிள்ளைகள் வீணாக ஆசைப்படுவார்கள், அடுத்த முறை கவனியுங்கள்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1989 முதல் நடக்கும் புரோமிஸ் என்ற கணிதப் பயிற்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கணக்கில் நான் எஸ்எஸ்எல்சியோடு சரி என்றாலும். விண்ணப்பத்தோடு கடினமான கணக்குகள் சிலவற்றைக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் வைத்து நாள்கணக்காக யோசித்து எழுதலாம். எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை, எப்படி யோசித்தாய் என்பதைத்தான் பார்ப்பார்களாம். சேர்ந்த பிறகும் அப்படித்தான்: முதலில் எண்களைப் போட்டுப் பார், ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா பார், தெரிந்தால் அது எப்போதும் உண்மைதானா என்று நிரூபி. தினம் ஒரு கட்டுக் கணக்கு. என் பேத்தி ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவள், அவள் அம்மா மூன்று தடவை கூப்பிட்டும் தட்டு வைக்க எழுந்திருக்கவில்லை. கோட் போட்ட பையனின் விண்ணப்பப் படிவத்தில் முதல் பக்கத்தில் கேட்டது அப்பாவின் ஆண்டு வருமானம்.

பெற்றோர் யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். உள்ளே போக என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளையின் மூளையைக் கேட்டால் மேற்கொண்டு படியுங்கள். உங்கள் கார்டு எண்ணைக் கேட்டால், ஐயாயிரம் பத்தாயிரம் டாலர் என்று விலை போட்டிருந்தால், அது சுற்றுலாதான். சுற்றுலா தப்பில்லை, வசதி இருக்கிறவர்கள் போய்வரட்டும். ஆனால் ஆராய்ச்சி என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம். இன்னொன்று, புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நடப்பது எல்லாம் அந்தப் பல்கலைக்கழகம் நடத்துவது ஆகாது. கோடையில் விடுதியும் வகுப்பறையும் காலியாகக் கிடக்கும். தனியார் கம்பெனிகள் வாடகைக்கு எடுத்து முகாம் போடும். நம் ஊர்க் கல்யாண மண்டபம் மாதிரி. மண்டபக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஆகிவிடுவாரா?

சரி, நல்ல திட்டத்திலேயே இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் காலண்டர் வந்து முன்னால் நிற்கும். இதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. அமெரிக்காவில் கோடை விடுமுறை ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை. அவர்கள் பயிற்சிகள் ஜூன் கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்ட் தொடக்கம் வரை போகும். நமக்கோ கோடை விடுமுறை ஏப்ரல், மே. ஜூன் பிறந்தால் இங்கே இரண்டாம் பியூசி வகுப்பு மும்முரமாக ஓடும், சிபிஎஸ்இ பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கியிருக்கும். 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். ஆறு வாரத்தை முழுசாக விட்டுவிட்டு வருகிற பிள்ளை, சிஇடி, நீட், ஜேஇஇ நுழைவுத் தேர்வுகள் என்று ஓடும் வகுப்பில் எங்கே போய்ப் பிடிப்பாள்? என் பேத்தியின் காலேஜில் பிரின்சிபாலைக் கேட்டோம். அவர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, “காய்ச்சலுக்கு லீவ் கொடுக்கலாம், அமெரிக்காவுக்கு எப்படிக் கொடுப்பது” என்றார்.

அவர்களுக்குக் கோடை ஜூனில் வந்தால் நமக்கு ஏப்ரலில் வருகிறது. இந்த ஊரில் ஆராய்ச்சிக்கூடத்துக்கா பஞ்சம்? 1909இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி) இருக்கிறது, சதாசிவநகரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனம், கோரமங்களாவில் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம், ஹெசரகட்டா பக்கம் கோட்பாட்டு அறிவியலுக்கான ஐசிடிஎஸ் மையம். அமெரிக்காவில் ஒரே ஊரில் இத்தனை இருந்தால் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பேர் லேபில்தான் இருப்பார்கள்.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பொய்யாகிவிடும். ஐசிடிஎஸ்ஸும் ராமன் நிறுவனமும் சேர்ந்து பள்ளி மாணவர்களுக்கு ‘மேத்ஸ் சர்க்கிள்’ நடத்துகின்றன. நான் மேலே சொன்ன புரோமிஸ் பயிற்சியின் இந்தியக் கிளை நம் ஐஐஎஸ்சியிலேயே நடக்கிறது. பாஸ்டன் பற்றி நாலு வரி எழுதிய உங்கள் கட்டுரையில் மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. இஸ்ரோ 2019 முதல் யுவிகா என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வரவழைத்துத் தன் செலவில் இரண்டு வாரம் வைத்துக் கற்றுக்கொடுக்கிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சலுகை மதிப்பெண்ணும் உண்டு. மும்பையில் ஹோமி பாபா மையம் ஒலிம்பியாட் முகாம்களை நடத்துகிறது. 1999இல் தொடங்கிய கேவிபிஒய் உதவித்தொகைத் தேர்வை ஐஐஎஸ்சிதான் நடத்தி வந்தது. பதினொன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகளை அடையாளம் கண்டு, உதவித்தொகை கொடுத்து, முகாமுக்கும் அழைத்தார்கள். 2022இல் அதை நிறுத்தி மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு தையல்காரர் மகன் கேவிபிஒய் வாங்கியவன். அந்தத் தேர்வு போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இவை நல்லவைதான். ஆனால் பெரும்பாலும் வகுப்பு, உரை, தேர்வு. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளையை லேபுக்குள் விட்டு, கையில் வேலையைக் கொடுத்து, ஆறு வாரம் கூடவே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு கண்ணில் படவில்லை. அறிவியல் அகாடமிகள் கொடுக்கும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகையில் வருடாவருடம் மே மாதம் மாணவர்கள் எங்கள் நிறுவனத்துக்குப் பெட்டியும் கையுமாக வருவார்கள். எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள், கூடவே சில ஆசிரியர்கள். பள்ளிப் பிள்ளை என்றால் ‘ஓப்பன் டே’ அன்றைக்கு வரிசையில் வந்து, திரவ நைட்ரஜனில் பூவைத் தோய்த்து உடைப்பதைப் பார்த்துவிட்டு, மாலையில் பஸ் ஏறுவதோடு சரி.

சின்னப் பிள்ளைகள், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நான் அப்ரென்டிசாகச் சேரும்போது மீசை முளைத்திருக்கவில்லை. முதல் நாளே கையில் டார்ச்சைக் கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்தில் நின்றால் ஆபத்து இல்லை. பிள்ளைகளை நேராக விஷ ரசாயனத்தின் முன்னால் நிறுத்தச் சொல்லவில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் வேலையையே சொல்கிறேன். சூடு தாங்கும் இரண்டு போரோசிலிக்கேட் கண்ணாடிக் குழாய்களை முனையோடு முனை ஒட்ட வேண்டும். ஒன்று இடது கையில், ஒன்று வலது கையில். ஆக்சிஜன் கலந்த சுடரில் இரண்டு முனையையும் காட்டிச் சுற்ற வேண்டும், இரண்டு கையும் ஒரே வேகத்தில். ஒரு கை முந்தினால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். சூடேறினால் கண்ணாடியிலிருந்து மஞ்சள் வெளிச்சம் கிளம்பிக் கண்ணை மறைக்கும். டிடிமியம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டால் அந்த மஞ்சள் மட்டும் காணாமல் போய்விடும், உருகும் முனை துல்லியமாகத் தெரியும். ஏன் மஞ்சள்? கண்ணாடியில் இருக்கும் சோடியம். ஏன் அது மட்டும் மறைகிறது? அங்கேயே நிறமாலைப் பாடம் முடிந்துவிட்டது. ஒட்டிய பிறகு அப்படியே வைத்தால் ஆறும்போது உள்ளே இறுக்கம் தங்கும், பிறகு ஒரு நாள் தானாக வெடிக்கும். அதற்காக 560 டிகிரி செல்சியஸ் வாக்கில் அடுப்பில் வைத்து மெதுவாக ஆறவிடுவோம். அடுப்பில் வைக்காத துண்டை இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவில் பிடித்தால் இறுக்கம் இருக்கும் இடம் வண்ணப் பட்டையாகத் தெரியும். முடித்த குழாயை வெற்றிடப் பம்ப்பில் மாட்டி, மின்பொறி கிளப்பும் டெஸ்லா காயிலை மேலே ஓட்டினால், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பொறி நேராக அங்கே பாயும். பிஎச்டி மாணவர்கள் கூட அதை முதன்முதலில் பார்க்கும்போது வாயைப் பிளப்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை பார்த்தால் எப்படி இருக்கும்!

வானியலில் செய்யலாம். அமெரிக்காவில் 1959 முதல் நடக்கும் சம்மர் சயின்ஸ் புரோகிராமில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சிறுகோளைப் பல இரவுகள் படம் எடுத்து, நட்சத்திரங்களை வைத்து அதன் இடத்தை அளந்து, அதன் சுற்றுப்பாதையைத் தாங்களே கணக்கிடுகிறார்கள். 1801இல் கண்டுபிடித்துத் தொலைத்துவிட்ட சீரிஸ் என்ற குறுங்கோளை மறுபடி எங்கே தேடுவது என்று கணித மேதை காஸ் கணக்குப் போட்டுச் சொன்னாரே, அதே வழிமுறை. இதற்கு அமெரிக்காவுக்கா போக வேண்டும்? நம் கோரமங்களா நிறுவனத்தின் தொலைநோக்கிகள் திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில், ஜவ்வாது மலையில் இருக்கின்றன. அங்கிருந்துதான் 1988இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அந்த 4130 ராமானுஜன் இப்போது எங்கே இருக்கிறது என்று நம் பிள்ளைகள் ஒரு ஏப்ரல் மாதத்தில், மழை பிடிப்பதற்குள், படம் எடுத்துக் கணக்குப் போடட்டுமே. பெரிய தொலைநோக்கி கூட வேண்டாம், இருப்பதில் சின்னதில் சில இரவுகள் போதும்.

ஆனால் இப்படி ஒரு ஏற்பாடு வந்தால், புரொபசர்களின் பிள்ளைகளும் அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளும் மட்டும் நிரப்பிவிடக் கூடாது. மதிப்பெண்ணையும் சிபாரிசுக் கடிதத்தையும் பார்த்து எடுத்தால் அதுதான் நடக்கும். புரோமிஸ் மாதிரி கணக்கைக் கொடுத்து எடுங்கள். அந்தக் கணக்குகளைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் கொடுங்கள். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அந்தத் தாள் போய்ச் சேரட்டும். கோலார் தங்கவயல் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே மாரிகுப்பத்திலிருந்து விடிகாலை ரயிலில் ஆயிரக்கணக்கான பேர் இங்கே வேலைக்கு வந்து போகிறார்கள். அந்த ரயிலில் பிள்ளைகளும் வரலாம், சீசன் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் போதும். அங்கே இருந்த தங்கச் சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால், 1965இல், அந்தச் சுரங்கத்துக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடித்தார்கள். உலகத்தில் அதை முதலில் பார்த்த இரண்டு குழுக்களில் அது ஒன்று. அங்கே வேலை செய்த தொழிலாளர்களில் தமிழர்கள்தான் எத்தனை பேர்! அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றைக்கு நியூட்ரினோ என்ற வார்த்தையை நீட் கோச்சிங் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் பார்க்கிறார்கள்.

நிறுவனங்களுக்குப் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஐந்து பிள்ளைகளை எடுத்தால் போதும், ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை. புரொபசர்களுக்கு நேரம் இல்லை என்றால் எங்களை மாதிரி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம். கண்ணாடி, கடைசல், எலக்ட்ரானிக்ஸ், மைக்ரோஸ்கோப் பராமரிப்பு என்று ஒவ்வொரு பிரிவிலும் கை நடுங்காத ஆட்கள் இந்த ஊரில் சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கிறோம். பென்ஷன் வருகிறது, சம்பளம் வேண்டாம். எங்கள் நிறுவனத்துக்கே இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அந்த வாசகத்தை நானே சர்வீசில் நிறையப் பார்த்தவன் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பத்திரிகையில் வந்தால் பரிசீலனை கொஞ்சம் வேகமாக நடக்கும்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. அந்தப் பட்டியலை அடுத்த தடவை போடும்போது கட்டணத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் சேருங்கள்: நடத்துவது பல்கலைக்கழகமா வெளிக் கம்பெனியா, இந்தியப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாமா, நம் பள்ளி நாட்களோடு மோதுகிறதா. இங்கே பெங்களூரிலும் மும்பையிலும் நடப்பவற்றை முதலில் போடுங்கள். அப்புறம், ஏப்ரலில் போட்டு யாருக்கும் பயன் இல்லை. அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றுக்கு டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. தீபாவளி மலரில் நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே ஒரு பக்கம் ஒதுக்கினால் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்ணாடிக் கருவித் தொழிலாளி,
அல்சூர், பெங்களூரு – 560 008

(பெயரை வெளியிட வேண்டாம். பரிசீலனை முடியட்டும்.)